பாறை என்றால் எந்தப் பாறை?

தாராபுரம் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கேள்வி ஒரே வரிதான்: “சுக்கான் பாறையா, இல்லையா?” மீதி இரண்டு பக்கமும் அந்தக் கேள்வி வந்த கதை.

அவர்கள் வீட்டில் பழைய கிணறு வற்றிவிட்டது. நகையை அடகு வைத்துப் புதுக் கிணறு வெட்டத் தொடங்கினார்கள். வெட்டும் மேஸ்திரியிடம் பேச்சு வாயால்தான். மண்ணுக்கு அடிக்கு ஒரு கூலி, பாறை வந்தால் அதைப்போல மூன்று மடங்கு. பதினெட்டு அடியில் வெள்ளையும் பழுப்புமாகக் கெட்டியான தட்டு வந்தது. “பாறை வந்தாச்சு, இனிமேல் பாறைக் கூலி” என்றார் மேஸ்திரி. வாசகியின் மாமனார் கிணற்றுக்குள் இறங்கி, ஒரு கட்டியை உடைத்துப் பார்த்துவிட்டு மேலே வந்தார். “இது சுக்கான். இதைப் போய் யாராவது பாறைன்னு சொல்லுவாங்களா?” என்றார். வார்த்தை தடித்தது. ஆட்கள் கம்ப்ரசரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பத்து நாட்களாக வேலை நிற்கிறது. மேஸ்திரி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்கிறார் கணவர். அப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடகுக் கடையில் வட்டி மட்டும் நிற்காமல் ஓடுகிறது.

கிணறு, போர், மரம் நடக் குழி, நிலம் வாங்குவது, வேலிக்கால் ஊன்றுவது என்று எதை எடுத்தாலும் இந்த ஒரு சொல் குறுக்கே வருகிறது. ஆகவே இந்த இதழில் பாறையைப் பற்றியே பார்க்கலாம்.

கல் எது, பாறை எது?

தமிழில் இதற்குச் சொற்கள் ஏராளம். நாள்தோறும் பேசுகிற சொற்களிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. கையால் எடுக்க முடிந்தால் அது கல். நாலு பேர் சேர்ந்து கடப்பாரை போட்டுப் புரட்டினால் அது பாறாங்கல். நிலத்தோடு நிலமாகக் கிடந்து, யாராலும் அசைக்க முடியாவிட்டால் அது பாறை. அதுவே எழுந்து நின்றால் கரடு, குன்று, மலை. ஆக, பாறை என்ற சொல் அந்தப் பொருள் எதனால் ஆனது என்று சொல்லவில்லை. ‘பெரிது, கெட்டி, இடம் பெயராது’ என்று மட்டுமே சொல்கிறது.

பழைய நூல்களில் பாறைக்கு அறை என்றும் ஒரு பெயர் உண்டு. வீட்டு அறையும் கன்னத்தில் அறைவதும் வேறு. நெருங்கிக் கிடக்கும் உருண்டைப் பாறையைத் துறுகல் என்றார்கள். வடமொழி வழியாக வந்த சொற்கள் சிலையும் உபலமும். இன்று சிலை என்றால் கோயில் சிலைதான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் முதல் பொருள் கல். கல்லில் செய்ததால் உருவத்துக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

பார் என்பதும் இந்தக் குடும்பத்துச் சொல். உலகம், நிலம் என்ற பொருளோடு, கெட்டியான தரை, பாறை என்ற பொருளும் அகராதியில் இருக்கிறது. தூத்துக்குடிக் கடலில் முத்துச் சிப்பி விளையும் கடினமான கடலடித் தரையை முத்துக் குளிப்பவர்கள் ‘பார்’ என்றே சொல்லி வந்தார்கள். பருத்திக்கும் மஞ்சளுக்கும் ‘பார் பிடிக்கிறோம்’ என்று சொல்லும்போது, மேடாக அணைத்த வரப்பைச் சொல்கிறோம். ஒரே சொல் கடலுக்குள் ஒன்றையும் காட்டுக்குள் இன்னொன்றையும் குறிக்கிறது. கேட்கிறவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஊர்ப் பெயர்களிலும் இது உண்டு. வால்பாறை, பூம்பாறை என்பவை நேராகவே பாறையைச் சொல்கின்றன. நாமக்கல், திண்டுக்கல் இரண்டிலும் ஊர் நடுவே நிற்கும் ஒற்றைக் குன்று ‘கல்’ ஆகிவிட்டது. ஒகேனக்கல் என்பது கன்னடம். அங்கே புகை என்பதற்கு ஹொகே, பாறைக்குக் கல்லு. அருவிச் சாரல் புகைபோல எழும் பாறை அது.

ஊர்ப் பெயரைவிட விவசாயிக்கு முக்கியம், காட்டுப் பெயர். பாறைக்காடு, சுக்காங்காடு, சரளைக்காடு, கரட்டுக்காடு என்று பெரியவர்கள் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பெயர் வைத்திருந்தார்கள். அது மண் பரிசோதனை முடிவை ஒரே சொல்லில் எழுதி வைத்ததைப் போன்றது. பட்டாவில் சர்வே எண் மட்டுமே இருக்கும். நிலம் வாங்கப் போகிறவர் பத்திரம் பார்ப்பதோடு, பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கும் வயதானவரிடம், “இந்தக் காட்டுக்கு என்னங்க பேரு?” என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

காட்டிலும் கிணற்றிலும் வருபவை

கருங்கல்: அடித்தால் கணீரென்று ஒலிக்கும். வெடி இல்லாமல் பெயராது. விவசாயி கருங்கல் என்று சொல்வது உண்மையில் பல கற்களுக்கான பொதுப் பெயர். கொங்குப் பகுதியில் பெரும்பாலும் வருவது வெள்ளையும் கருப்புமாக வரி ஓடிய நைஸ் பாறை. பல்லாவரம், நீலகிரி, சேர்வராயன் மலைகளில் நீலம் பாய்ந்த கருமை நிறத்தில் இருப்பது சார்னோக்கைட். இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கி வைத்த ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. அதை ஆராய்ந்த நிலவியல் அறிஞர் ஹாலந்து, 1893-ல் கல்லறைக்கு உரியவர் பெயரையே கல்லுக்கும் சூட்டினார். நம் ஊர்க் கருங்கல் வெளிநாட்டுப் பாடப் புத்தகங்களிலும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

சிதைந்த பாறை: கருங்கல்தான், ஆனால் வெயிலும் மழையும் நிலத்தடி ஈரமும் சேர்ந்து காலம் காலமாக இளக்கிய கல். அடித்தால் சத்தம் சொத்தென்று விழும். கடப்பாரைக்கும் பிக்காசுக்கும் பெயர்ந்து வரும். கையில் நசுக்கினால் மினுக்கும் துகள்கள் ஒட்டும். கிணற்றுக்குத் தண்ணீர் தருவது பெரும்பாலும் இந்த அடுக்குதான்.

சுக்கான்: மண்ணில் உள்ள சுண்ணாம்பு நீரில் கரைந்து, கீழே இறங்கி, காய்ந்து இறுகி உண்டாவது. முதலில் முண்டும் முடிச்சுமாக உருண்டைகள் வரும். பிறகு அவை ஒன்றோடொன்று ஒட்டித் தட்டாகிவிடும். வெள்ளை, சாம்பல், பழுப்பு நிறங்களில் இருக்கும். மழை குறைந்த, வெயில் மிகுந்த பகுதிகளில் அதிகம். கப்பலைத் திருப்பும் சுக்கானுக்கும் இதற்கும் உறவில்லை.

வெங்கச்சாங்கல்: பால் வெள்ளை நிறம், கூரிய முனை. இரண்டை உரசினால் தீப்பொறி பறக்கும். மிகவும் உறுதி கொண்டது. கருங்கல்லின் குறுக்கே நரம்பு ஓடியதுபோல் ஓடும். அந்த நரம்பின் ஓரங்களில் வெடிப்பு இருந்தால் தண்ணீர் கசிய வாய்ப்பு உண்டு. வெள்ளைக்கல் கண்ட இடமெல்லாம் ஊற்று என்று நம்பிப் பணம் போடுவது சரியல்ல.

செம்புறாங்கல்: புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர் வல்லம் பக்கத்து விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். செங்கல் நிறம், புழு அரித்தது போன்ற துளைகள். மண்ணுக்குள் இருக்கும்போது மெதுவாக இருக்கும். வெட்டி வெளியே வைத்தால் காற்றுப் பட்டு இறுகும். கேரளத்தில் இதையே வெட்டுக்கல் என்று வீடு கட்டுகிறார்கள். அங்கே அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்த புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1807-ல் லேட்டரைட் என்று பெயர் வைத்தார். லத்தீன் மொழியில் ‘லேட்டர்’ என்றால் செங்கல். இந்த நிலம் பெரும்பாலும் புளிப்புத் தன்மை கொண்டது, இரும்பு மிகுந்தது. முந்திரிக்கு ஏற்றது.

சரளை, முரம்பு: இவை பாறை அல்ல. பாறை உடைந்தும் உருண்டும் மண்ணோடு கலந்து கிடப்பவை. கூலி பேசும்போது சிலர் இதையும் பாறைக் கணக்கில் சேர்ப்பது உண்டு. கவனம் தேவை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கும் தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்பது இன்னொரு வகைப் பிரிவு. அது பாறை எப்படிப் பிறந்தது என்று சொல்லும். மேலே சொன்ன ஊர்ப் பெயர்கள் அது இன்று எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும். கிணறு வெட்டுகிறவருக்கு இரண்டாவதுதான் முதலில் வேண்டும்.

எலுமிச்சம்பழச் சோதனை

தாராபுரம் வாசகி வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் மூன்று.

ஒன்று, கட்டியை உடைத்து, அம்மியிலோ உரலிலோ வேண்டாம், ஒரு கல்லின் மேல் வைத்து நுணுக்கிப் பொடி ஆக்க வேண்டும். ஒரு தட்டில் போட்டு எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால், சுண்ணாம்பு இருக்கும்பட்சத்தில் நுரைத்துக் குமிழி விடும். காதைப் பக்கத்தில் வைத்தால் சுறுசுறுவென்று சத்தம் கேட்கும். சுக்கான் என்பதற்கு அது அடையாளம். கருங்கல்லும் வெங்கச்சாங்கல்லும் சும்மா இருக்கும்.

இரண்டு, அரிவாள் முனையால் கீறிப் பார்க்கலாம். சுக்கானில் கோடு விழும். வெங்கச்சாங்கல்லில் விழாது. அதைக் கொண்டு கண்ணாடிப் பாட்டிலைக் கீறினால் பாட்டிலில்தான் கோடு விழும்.

மூன்று, சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பது. கணீர் என்றால் உள்ளே உடைபடாத கல். சொத்தென்று விழுந்தால் சிதைந்தது.

மாமனார் சொன்னது சரியா, மேஸ்திரி சொன்னது சரியா?

இருவர் சொன்னதும் ஒரு வகையில் சரிதான். சுக்கான் தட்டாக இறுகிவிட்டால் அதைச் சுக்கான் பாறை என்று சொல்வது ஊர் வழக்கம். அந்த வகையில் மேஸ்திரி பொய் சொல்லவில்லை. ஆனால் வெடி வைத்து உடைக்க வேண்டிய கருங்கல்லுக்குப் பேசிய கூலியை, கடப்பாரைக்கும் பிரேக்கருக்கும் பெயர்ந்து வரும் சுக்கானுக்குக் கேட்பது பொருந்தாது. அந்த வகையில் மாமனார் சொல்வதே நியாயம். தப்பு இருவரிடமும் இல்லை, பேச்சில்தான். ‘பாறை வந்தால்’ என்று பேசினார்களே தவிர, எந்தப் பாறை என்று யாரும் பேசவில்லை.

அரசுக் கட்டுமான வேலைகளில் தோண்டும் கூலியைப் பெயரை வைத்துப் பிரிப்பதில்லை, வேலையை வைத்துப் பிரிக்கிறார்கள். சாதாரண மண், கெட்டி மண், வெடி தேவைப்படாத பாறை, வெடி தேவைப்படும் பாறை என்று தனித்தனி விலை. கிணற்று வேலைக்கும் இதையே பின்பற்றலாம். மண்வெட்டிக்கு வருவது, கடப்பாரைக்கு வருவது, கம்ப்ரசர் பிரேக்கருக்கு வருவது, வெடிக்கு மட்டும் வருவது என்று நாலு படியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அடிக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால், கருவியே சாட்சி சொல்லும்.

இந்தக் குடும்பத்துக்கு இப்போதும் வழி இருக்கிறது. மேஸ்திரியும் தன் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியவர்தான். சுக்கானை மண் கூலிக்கு வெட்டச் சொல்வதும் நடக்காது, ஏனென்றால் ஒரு நாளில் இறங்கும் அடி குறைந்துவிடும். ஊரில் கிணறு வெட்டித் தெரிந்த பொதுவான ஒருவரை வைத்து, பிரேக்கர் வேலைக்கென்று நடுவில் ஒரு கூலி பேசி முடிப்பதே நல்லது. சுக்கானுக்குக் கீழே கருங்கல் வந்தால் என்ன என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். பெரியவர் தாமே இறங்கி உடைத்துப் பார்த்ததால்தான் பிரச்சினை பதினெட்டு அடியிலேயே தெரிந்தது. அதை மகன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போர் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மேலே உள்ள மண்ணும் சிதைந்த பாறையும் சரிந்து விழாமல் இருக்கவே கேசிங் பைப் இறக்குகிறார்கள். உறுதியான பாறை தட்டியதும் பைப் நிறுத்தப்படும். ஆக, ‘பாறை தட்டிய அடி’ எது என்பதில்தான் பைப் செலவு இருக்கிறது. முன்கூட்டியே நிறுத்தினால் பிறகு போர் தூர்ந்துபோகும். தேவைக்கு மேல் இறக்கினால் பணம் வீண், மேல் கசிவும் அடைபடும். வெளியே வரும் தூளைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். பழுப்பும் மஞ்சளுமாக வந்த தூள் சாம்பல் அல்லது கருநிறமாக மாறி, பிட் இறங்கும் வேகமும் குறைந்தால் உறுதியான பாறை வந்துவிட்டது என்று பொருள்.

தண்ணீர் எங்கே நிற்கிறது?

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறைப் பகுதி. இங்கே பாறைக்குள் தண்ணீர் ஊறி நிற்காது. மேலே உள்ள சிதைந்த அடுக்கிலும், கீழே பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நிற்கும். ஆழம் போகப் போக வெடிப்புகள் பொதுவாகக் குறையும். ஆயிரம் அடி போனால் தண்ணீர் கட்டாயம் வரும் என்ற எண்ணம் அதனால்தான் பல குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது. ஆயிரம் அடியிலும் ஒரு வெடிப்பைத் தொட வேண்டும், அப்போதுதான் தண்ணீர்.

காவிரி டெல்டா, கடலூர், நெய்வேலி பக்கம் வேறு மாதிரி. அங்கே மணலும் மணற்பாறையும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. துளைகளுக்குள்ளேயே தண்ணீர் நிற்கும். டெல்டாவிலிருந்து வந்து பல்லடத்தில் நிலம் வாங்கியவர், அங்கே போட்டது போலவே இங்கும் போர் போட நினைத்தால் ஏமாற்றம்தான்.

சுக்கான் அடுக்கு வந்துவிட்டது என்பதாலேயே தண்ணீர் இல்லை என்று கிணற்றைக் கைவிட வேண்டாம். அதற்குக் கீழே சிதைந்த பாறை எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதே முக்கியம். வேளாண்மைப் பொறியியல் துறையில் மின்தடை அளக்கும் கருவி மூலம் நிலத்தடி ஆய்வு செய்து தருகிறார்கள். கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் வெறும் கிணறு வெட்டிய செலவோடு பார்த்தால் அது மிகச் சிறிய தொகை. வெட்டிய கிணற்றில் ஊற்று குறைவாக இருந்தால், அடியில் இன்னும் ஆழப்படுத்துவதற்கு முன் பக்கவாட்டில் சைடு போர் போட்டுப் பார்க்கலாம். சிதைந்த அடுக்கில் வெடிப்பு ஓடும் திசை பார்த்துத் துளைத்தால் பலன் கிடைக்கும்.

வெட்டி எடுத்ததை எங்கே கொட்டுவது?

கடிதத்தின் ஓரத்தில் வாசகி ஒரு வரி சேர்த்திருக்கிறார். வெட்டி எடுத்த சுக்கானைப் பள்ளமான நிலக்கடலைக் காட்டில் பரப்பி மேடாக்கலாமா என்று கணவர் கேட்கிறாராம்.

வேண்டவே வேண்டாம். நல்ல மேல் மண்ணில் சுக்கானைப் பரப்பினால் அந்த மண்ணின் காரத்தன்மை ஏறும். மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுத்துக்கொள்ள முடியாமல் போகும். நிலக்கடலையில் இளம் இலைகள் வெளிறும். நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரியும். பலர் இதைத் தழைச்சத்துக் குறை என்று எண்ணி யூரியா போடுகிறார்கள். தழைச்சத்துக் குறை முதலில் அடி இலையில் தெரியும், இரும்புக் குறை நுனி இலையில் தெரியும். யூரியாவால் இது தீராது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி என்னும் இரும்புச் சல்பேட்டும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து, மாலை வேளையில் இலை நனையத் தெளிக்க வேண்டும். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் அது அந்தப் பயிருக்கு மட்டும் போதும். பரப்பிய சுக்கானைத் திரும்பப் பொறுக்க முடியாது.

சுக்கானை வண்டிப் பாதைக்கும் களத்து மேட்டுக்கும் கொட்டலாம். சுக்காங்காட்டில் மா, எலுமிச்சை வைத்துக் கஷ்டப்படுவதைவிட நெல்லியும் இலந்தையும் தாங்கி வரும். அதற்கும் குழியைச் சுக்கான் தட்டைக் கடந்து வெட்டி, மேல் மண்ணும் தொழு உரமும் கலந்து நிரப்ப வேண்டும். தட்டின் மேலேயே நட்டால் இரண்டு மூன்று வருடம் நன்றாக வந்து, வேர் தட்டில் முட்டியதும் மரம் நின்றுவிடும்.

மேலும் சில கேள்விகள்

“எங்கள் வயலில் அரை அடிக்குக் கீழே பாறையாக இருக்கிறது, ஏர் இறங்கவில்லை. என்ன செய்யலாம்?” என்று விழுப்புரம் மாவட்ட வாசகர் ஒருவர் கேட்கிறார்.

அது பாறையாக இல்லாமல் அடிமண் இறுக்கமாக இருக்கலாம். டிராக்டர் ஓடி ஓடி, ஒரே ஆழத்தில் உழுது உழுது கடினத் தட்டு உண்டாகிவிடும். ஒரு குழி வெட்டி அந்தக் கட்டியை எடுத்து வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்தால் தெரிந்துவிடும். இறுகிய மண் கரைந்துவிடும் அல்லது நெகிழ்ந்துவிடும். கல் கரையாது. மண்தான் என்றால் கோடையில் உளிக் கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கும் குறுக்கும் உழுது, ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இட வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

“ராக் பாஸ்பேட் விலை குறைவு. சூப்பருக்குப் பதில் போடலாமா?” இது பொள்ளாச்சி வாசகர் கேள்வி.

பெயரிலேயே பாறை இருக்கிறது. மணிச்சத்து உள்ள பாறையைப் பொடி செய்து தருவதுதான் ராக் பாஸ்பேட். அதைக் கரைக்க மண்ணில் புளிப்பு வேண்டும். நீலகிரி போன்ற புளிப்பு நிலங்களில் மெதுவாகக் கரைந்து பலன் தரும். சுண்ணாம்புள்ள நிலத்தில் அது பெரும்பாலும் கல்லாகவே கிடக்கும். முதலில் மண்ணின் கார அமில நிலையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

“கடப்பாரையா, கடப்பாறையா?” இதைக் கேட்டவர் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அப்பாவுக்காகப் பத்திரிகை படித்துக் காட்டுகிறவராம்.

கடப்பாரை என்பதே அகராதி வடிவம். பாரை என்றால் தோண்டும் இரும்புக் கம்பி, இடையின ‘ரை’. பாறை என்றால் அது மோதும் கல், வல்லின ‘றை’. கடலில் பிடிக்கும் பாரை மீனுக்கும் இடையின ‘ரை’தான்.

ஒரு சாக்கும் ஒரு நோட்டும்

தாராபுரம் குடும்பம் வேலையைத் திரும்பத் தொடங்கும்போது, செலவில்லாத ஒரு காரியத்தையும் செய்துவிட வேண்டும். ஐந்து அடிக்கு ஒரு கட்டி எடுத்துச் சின்னப் பையில் போட்டு, ஆழத்தையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்து, எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி வைக்கலாம். வீட்டில் ஒரு நோட்டில் எத்தனை அடியில் மண், எத்தனை அடியில் சுக்கான், எத்தனை அடியில் சிதைந்த பாறை, எங்கே கசிவு, எங்கே கருங்கல் என்று வரிசையாக எழுதலாம். பெயர்களைப் பெரியவர் சொல்லட்டும், எழுதுவதை மகன் செய்யட்டும். பத்து வருடம் கழித்துக் கிணற்றை ஆழப்படுத்தும்போதும், பக்கத்துத் தோட்டத்தில் புதிதாக வெட்டும்போதும், அந்த நோட்டைத்தான் முதலில் தேடுவார்கள். மேஸ்திரியிடம் பேசி எழுதிக்கொள்ளும் கூலித் தாளையும் அதே நோட்டில் ஒட்டி வைத்துவிடலாம்.